கிரீஸ் ட்ராப் பராமரிப்பு: வணிகச் சமையலறைக்குப் புதியவர்களுக்கு

வணிகச் சமையலறையில் வேலைக்குச் சேருகிறவருக்கு அடுப்பு, ஃப்ரீசர், கத்தி எல்லாவற்றையும் காட்டிக் கொடுப்பார்கள். சிங்க்குக்கு அடியிலோ பின்வாசல் தரையிலோ மூடியோடு கிடக்கும் பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாற்றம் கிளம்பிய பிறகோ, சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்ற பிறகோதான் அது பேச்சுக்கே வரும். "இனி இதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெட்டிதான் கிரீஸ் ட்ராப், சமையலறைக் கழிவுநீரில் வரும் கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி. அது கொழுப்பைக் கரைப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. பிடித்து நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். பிடித்ததை வெளியே எடுப்பது மனிதர்களின் வேலை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படிக்கும் இதுதான் அடிப்படை.

உள்ளே என்ன நடக்கிறது

எண்ணெயும் கொழுப்பும் தண்ணீரைவிட லேசானவை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம்தான். ஆனால் கழிவுநீர் சூடாகவும் வேகமாகவும் ஓடும்போது கொழுப்பு சின்னச்சின்னத் துளிகளாகச் சிதறி, தண்ணீரோடு கலந்தே போய்விடும். கிரீஸ் ட்ராப்புக்குள் வந்ததும் தண்ணீரின் வேகம் குறைகிறது, சூடு தணிகிறது. கொழுப்பு மேலே ஆடையாகத் திரள்கிறது. உணவுத் துணுக்குகள் அடியில் கசடாகப் படிகின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் நிற்கிறது. வெளியேறும் குழாயின் வாய் அந்த நடுப்பகுதியிலிருந்து மட்டும் எடுக்கும்படி அமைந்திருக்கும். இடையில் நிற்கும் தடுப்புத் தகடுகள் தண்ணீர் நேராகப் பாய்ந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கின்றன.

ஆக, அதற்கு மூன்று தேவை: வேகம் குறைய வேண்டும், சூடு தணிய வேண்டும், உள்ளே இடம் இருக்க வேண்டும். கொழுப்பும் கசடும் சேரச் சேர நடுவில் தண்ணீருக்கான இடம் குறுகும். குறுகினால் ஓட்டம் வேகமாகும். வேகமானால் கொழுப்பு பிரியாமலே தப்பிப் போகும். நிரம்பிய கிரீஸ் ட்ராப் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

தப்பிய கொழுப்பு குழாயில் குளிர்ந்து சுவரில் ஒட்டும். அதோடு நிற்காது. அதிலுள்ள கொழுப்பு அமிலம் தண்ணீரிலும் கான்கிரீட்டிலும் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரிக் கெட்டியான பொருளாகிவிடும். 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் இப்படித் திரண்டு கிடந்தது சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. தூக்கி எறிந்த ஈரத் துடைப்பான்களும் கொழுப்பும் சேர்ந்து ஆனது அது. உங்கள் சமையலறைக் குழாயில் அவ்வளவு வேண்டியதில்லை, கையகல அடைப்பு போதும், பரபரப்பான வேளையில் வேலை நின்றுவிடும்.

வகைகள் மூன்று. சிங்க் பக்கத்திலேயே வைக்கும் சின்னப் பெட்டி முதல் வகை; இதை நாமே சுத்தம் செய்யலாம். வெளியே மண்ணுக்குள் புதைத்த பெரிய தொட்டி இரண்டாவது. அதற்கு உறிஞ்சு லாரி வர வேண்டும். மூன்றாவது தானியங்கி: உள்ளே சூடேற்றிக் கொழுப்பை இளக்கி, சக்கரமோ தகடோ சுழன்று அதை வழித்து ஒரு டப்பாவில் சேர்க்கும். தானியங்கி என்ற பேரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அதன் துணுக்குக் கூடையைத் தினமும் கொட்ட வேண்டும், வழிக்கும் தகட்டைத் துடைக்க வேண்டும், டப்பா நிரம்புவதற்குள் மாற்ற வேண்டும்.

பொறுப்பேற்ற முதல் வாரம்

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் உங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி எங்கே இருக்கிறது, எந்தெந்த சிங்க், எந்தத் தரை வடிகால் அதில் சேர்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வரையுங்கள். தெரியவில்லை என்றால் மூடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். கழிப்பறைக் குழாய் இதில் சேரவே கூடாது. மழைநீரும் கூடாது. சேர்ந்திருந்தால் பிளம்பரை அழைத்து மாற்றியாக வேண்டும்.

பாத்திரம் கழுவும் இயந்திரமும் உணவு அரைக்கும் இயந்திரமும் எங்கே இணைந்திருக்கின்றன என்று தனியாகப் பாருங்கள். முதலாவது கொதிநீரையும் கடுமையான சோப்பையும் ஒரே மூச்சில் கொட்டும். சின்னப் பெட்டியால் அதைத் தாங்க முடியாது. இரண்டாவது உணவைக் கூழாக்கி அனுப்பி, சில நாளிலேயே அடிப்பகுதியைக் கசடால் நிரப்பிவிடும்.

பெட்டியின் மேல் உள்ள தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட்டம் தாங்கும், எத்தனை கிலோ கொழுப்பைப் பிடிக்கும் என்று எழுதியிருக்கும். அமெரிக்கத் தரநிலைப்படி நிமிடத்துக்கு 20 காலன், அதாவது சுமார் 75 லிட்டர் ஓட்டத்துக்கான பெட்டி 40 பவுண்டு, சுமார் 18 கிலோ கொழுப்பைப் பிடிக்க வேண்டும். பதினெட்டு கிலோ என்பது பொரியல், வறுவல் அதிகம் நடக்கும் சமையலறையில் பெரிய அளவே அல்ல. இதைப் பார்த்தாலே ஏன் அடிக்கடி திறக்க வேண்டும் என்று புரிந்துவிடும்.

இன்னொன்று. பெட்டிக்கு முன்னால் குழாயில், நடுவே சிறு துளையுள்ள ஓட்டக் கட்டுப்பாட்டு உறுப்பு ஒன்று இருக்க வேண்டும். சிங்க் மெதுவாக வடிகிறது என்று யாரோ எப்போதோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாமல் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பெட்டி தன் வேலையைச் செய்யாது.

தினசரிப் பழக்கம்

என் பார்வையில் பராமரிப்பின் முக்கால் பங்கு சிங்க்குக்கு மேலேதான் நடக்கிறது. தண்ணீர் படும் முன்பே கொழுப்பை அகற்றிவிட்டால், பெட்டிக்கு வேலை பாதியாகக் குறையும்.

தட்டில் மிச்சமிருப்பதை ரப்பர் சுரண்டியால் குப்பைத் தொட்டியில் வழித்துவிட்ட பிறகே கழுவ வேண்டும். வாணலி, தட்டம், கிரில் தகடு போன்றவற்றை முதலில் காகிதத்தால் அழுத்தித் துடைக்க வேண்டும். சிங்க் ஒவ்வொன்றிலும் வடிகட்டிக் கூடை இருக்க வேண்டும், அதை நிரம்பும் முன் குப்பையில் தட்ட வேண்டும். அவசரத்தில் சிலர் கூடையைத் தூக்கிவிட்டு உள்ளிருப்பதைக் குழாய்க்குள் தள்ளிவிடுவார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள், அன்பாகவே சொல்லுங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பொரித்த எண்ணெயை ஒருபோதும் சிங்க்கில் ஊற்றக் கூடாது. ஆறவிட்டு, வடிகட்டி, மூடியுள்ள தனி டின்னில் சேருங்கள். அதற்கு மதிப்பு உண்டு. பயோடீசல் செய்ய வாங்கிக்கொள்கிறார்கள். கிரீஸ் ட்ராப்பிலிருந்து எடுக்கும் கழிவு அப்படியல்ல. அது அழுகிய கழிவு. இரண்டையும் ஒரே டின்னில் கலந்தால் நல்லதும் வீணாகிவிடும்.

பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பவருக்கு இதற்கெல்லாம் நேரமும் சுரண்டியும் காகிதமும் கையெட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும். சுவரில் அறிவிப்பு ஒட்டுவதைவிட, சிங்க் பக்கத்தில் ஒரு குப்பைக் கூடையை நகர்த்தி வைப்பது அதிகப் பலன் தரும்.

எப்போது சுத்தம் செய்வது: அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

பரவலாகப் பின்பற்றப்படும் அளவு 25 சதவீதம். மேலே மிதக்கும் கொழுப்பின் தடிமனையும் அடியில் படிந்த கசடின் தடிமனையும் கூட்டினால், தொட்டியின் மொத்த நீர் ஆழத்தில் கால் பங்கை எட்டும் முன் சுத்தம் செய்துவிட வேண்டும். உதாரணமாக நீர் ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் எல்லை 10 சென்டிமீட்டர். கொழுப்பு 7, கசடு 3 என்றால் அன்றே சுத்தம் செய்ய வேண்டும். கொழுப்பை மட்டும் அளந்து, "இன்னும் ஏழுதானே" என்று விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 'ட' எழுத்துபோல் நுனி வளைந்த கம்பி ஒன்றை எடுத்துக் கொழுப்பைத் தாண்டி உள்ளே இறக்குங்கள். அப்படியே மெல்ல மேலே தூக்கினால், கொழுப்பின் அடிப்பக்கம் தட்டும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து மேல்மட்டம் வரை உள்ளது கொழுப்பின் தடிமன். கசடுக்கு, நுனியில் தட்டையான சிறு தகடு பொருத்திய கம்பியை இறக்குங்கள். கசடின் மேல் அது உட்காரும்போது ஒரு குறி, அழுத்தி அடியைத் தொடும்போது இன்னொரு குறி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசடு. பெரிய தொட்டிக்கு, அடியில் வால்வு உள்ள ஒளி ஊடுருவும் குழாய் கிடைக்கிறது. அதை உள்ளே விட்டு எடுத்தால் மூன்று அடுக்கும் கண்ணுக்கே தெரியும். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல், உள்வாய்ப் பக்கம் ஒன்று, வெளிவாய்ப் பக்கம் ஒன்று என்று அளந்து, அதிகமானதைக் கணக்கில் எடுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வாருங்கள். மேலே சொன்ன தொட்டியில் வாரத்துக்கு 3 சென்டிமீட்டர் ஏறுகிறது என்றால், மூன்று வாரத்தில் 9 வந்துவிடும். அப்போது உங்கள் இடைவெளி மூன்று வாரம். பொதுவாகச் சின்னப் பெட்டிகளுக்கு வாரம் ஒருமுறை முதல் மாதம் ஒருமுறை வரையும், புதைத்த பெரிய தொட்டிகளுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வரும். ஐரோப்பாவின் இஎன் 1825 தரநிலை மாதம் ஒருமுறையாவது, முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலிசெய்யச் சொல்கிறது. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் விதிதான் முந்தும்.

சின்னப் பெட்டியைச் சுத்தம் செய்யும் முறை

1. காலையில், சமையல் தொடங்கும் முன் செய்யுங்கள். இரவு முழுக்க ஆறிய கொழுப்பு கெட்டியாக இருக்கும், அகப்பையால் பாளம் பாளமாக வரும். சூடாக இருக்கும்போது திறந்தால் குழம்பி ஒழுகும், பாதி தண்ணீரோடு போய்விடும்.

2. அருகில் உள்ள உணவை எல்லாம் அகற்றிவிடுங்கள். கதவைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். உள்ளே எரியக்கூடிய மீத்தேனும் இருக்கலாம் என்பதால் அடுப்பு, லைட்டர் எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. நீளமான கையுறை, கண்ணாடி, மேலங்கி. எந்தக் குழாயையும் திறக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி, சிங்க் மேல் ஒரு அட்டையும் வையுங்கள். நீங்கள் தொட்டிக்குள் கையை விட்டிருக்கும்போது மேலிருந்து யாராவது வெந்நீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. மூடித் திருகுகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் கிழியாமல் மெல்லத் தூக்குங்கள். தடுப்புத் தகடுகளைக் கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் பெட்டி வெறும் பாத்திரமாகிவிடும்.

4. எதையும் எடுக்கும் முன் அளந்து எழுதுங்கள். எடுத்த பிறகு நினைவிலிருந்து எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை.

5. மேலுள்ள கொழுப்பை வழித்து, கசியாத, இறுக மூடும் டின்னில் போடுங்கள்.

6. நடுவிலுள்ள தண்ணீரைக் குவளையாலோ ஈரக்கழிவு உறிஞ்சும் வேக்குவம் கருவியாலோ எடுங்கள். இந்தத் தண்ணீரையே திரும்ப ஊற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பிரியாத கொழுப்பும் நாற்றமும் அப்படியே இருக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கழிவோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். வேறு சிங்க்கிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது.

7. அடிக் கசடை அள்ளுங்கள். ஸ்பூன், மூடி, ரப்பர் துண்டு எல்லாம் வரும். எவை வருகின்றன என்று கவனித்தால், எந்த சிங்க்கில் வடிகட்டி இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

8. சுவர், தகடு, மூடியின் உட்பக்கம், உள்வாய், வெளிவாய் எல்லாவற்றையும் சுரண்டுங்கள். வெந்நீரும் சோப்பும் வேண்டாம். பச்சைத் தண்ணீர் போதும். பளபளவென்று மின்ன வேண்டிய அவசியம் இல்லை, ஒட்டியிருக்கும் கெட்டிக் கொழுப்பு போனால் சரி.

9. வெறும் தொட்டியை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு, ஓட்டை, வெடிப்பு, உடைந்த தகடு, அடைத்த காற்றுக்குழாய். அடுத்த முறை திறக்கும் வரை இந்தக் காட்சி கிடைக்காது.

10. தகடுகளைப் படத்தில் உள்ளபடி மாட்டி, வெளிவாயில் தண்ணீர் வழியும் வரை குளிர்ந்த தண்ணீரை நிரப்புங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். காலியான பெட்டியில் விழும் முதல் கொழுப்பு மிதக்கத் தண்ணீரே இருக்காது. அடியில் பரவி, தண்ணீர் ஏறும்போது கலங்கி, வெளிவாய் வழியே குழாய்க்குப் போய்விடும்.

11. கேஸ்கெட்டைத் துடைத்து மூடியை இறுக்குங்கள். எல்லா சிங்க்கையும் திறந்துவிட்டுக் கசிவு பாருங்கள். மூடிய பிறகும் நாற்றம் வந்தால், பெரும்பாலும் கேஸ்கெட்தான் காரணம்.

பயன்படுத்திய கருவிகளைக் காகிதத்தால் துடைத்த பிறகு கழுவுங்கள், இந்த வேலைக்கென்றே தனியாக வையுங்கள். எடுத்த கழிவு, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். அதை உருக்கி எண்ணெய் எடுப்பதாக யாராவது கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். அது மனிதர் வாய்க்கோ கால்நடைத் தீவனத்துக்கோ எந்த வடிவிலும் போகக் கூடாது.

பெரிய தொட்டியும் உயிர் ஆபத்தும்

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். புதைத்த தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. நீங்களும் கூடாது, உதவிக்கு வரும் பையனும் கூடாது, "ஒரு நிமிடம்தான்" என்று சொல்லும் அனுபவசாலியும் கூடாது. உள்ளே அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தேங்கி நிற்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். ஒருவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், இருவரும் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட மரணங்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. யாராவது விழுந்துவிட்டால் உள்ளே இறங்காமல், மூச்சுக் கருவியோடு வரும் மீட்புப் படையை அழையுங்கள்.

மூடியையும் சோதியுங்கள். துருப்பிடித்த, ஆடுகிற, பூட்டில்லாத மூடி மேல் குழந்தை கால் வைத்தால் போதும். அதே வாயு ஈரச் சுவரில் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டையும் இரும்பையும் அரிப்பதால், மேலே நன்றாகத் தெரியும் மூடி அடியில் மெலிந்திருக்கலாம். வேலை நடக்கும்போது திறந்த வாயைச் சுற்றித் தடுப்பு வைத்து, ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

லாரி வரும் நாளில் நீங்களும் கூடவே நில்லுங்கள். மேலுள்ள ஆடையை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போவது பாதி வேலை. கொழுப்பு, தண்ணீர், கசடு மூன்றும் முழுக்க வெளியேற வேண்டும், சுவர் சுரண்டப்பட வேண்டும், உறிஞ்சிய தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள் வரக் கூடாது. அவர்கள் கிளம்பும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, பிறகு தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள்.

ஊற்றக் கூடாதவை

அடைத்துக்கொண்டால் கொதிநீர் ஊற்றுவது எல்லோருக்கும் தோன்றும் வைத்தியம். அப்போதைக்குக் குழாய் திறந்துவிடும். உருகிய கொழுப்பு நாலு மீட்டர் தள்ளி, கை எட்டாத இடத்தில் மறுபடி உறையும். காஸ்டிக் சோடா சேர்ந்த அடைப்பு நீக்கியும் இப்படித்தான், கூடவே தொட்டியையும் அரிக்கும், திறப்பவர் கையையும் சுடும். பிளீச்சை அமிலத்தன்மையுள்ள துப்புரவுத் திரவத்தோடு கலந்தால் நச்சு குளோரின் வாயு கிளம்பும், அந்த விளையாட்டே வேண்டாம்.

"இதை ஊற்றினால் சுத்தம் செய்யவே வேண்டாம்" என்று நொதித் திரவங்களை விற்க வருவார்கள். கொழுப்பை மெல்லிய துளிகளாக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடுவதுதான் அவற்றில் பல செய்யும் வேலை. அதனாலேயே பல நகரங்கள் அவற்றைத் தடை செய்திருக்கின்றன. நுண்ணுயிர்த் தயாரிப்புகள் நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அள்ளி எடுக்கும் வேலைக்கு அவை மாற்று ஆகாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஒரு சிங்க் மட்டும் மெதுவாக வடிந்தால் அந்த சிங்க்கின் குழாயில் அடைப்பு. எல்லாம் சேர்ந்து மெதுவானால் கிரீஸ் ட்ராப்பையோ அதற்கு அப்பாலுள்ள குழாயையோ பாருங்கள். குடகுட சத்தம் வந்தால் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம். அடுத்த மேன்ஹோலில் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் கொழுப்பு ஏற்கெனவே தப்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

புதியவர்கள் சந்தேகப்படாத அறிகுறி ஒன்று உண்டு: வழக்கமான நாளில் திறந்தால் கொழுப்பே இல்லை. சந்தோஷப்பட வேண்டாம். சமையல் குறையாமல் கொழுப்பு மட்டும் குறைந்தால் அது எங்கோ போகிறது என்று அர்த்தம். தகடு ஓட்டையா, தண்ணீர் அதிகச் சூடா, ஓட்டக் கட்டுப்பாட்டு உறுப்பு இருக்கிறதா, யாராவது திரவம் ஊற்றுகிறார்களா என்று வரிசையாகப் பாருங்கள்.

பதிவேடு

ஒரு நோட்டு போதும். தேதி, கொழுப்பின் தடிமன், கசடின் தடிமன், எவ்வளவு எடுத்தீர்கள், எந்த வண்டியில் போனது, ரசீது எண், பழுது ஏதாவது, செய்தவர் கையெழுத்து. ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். உணவுப் பட்டியலில் புது வறுவல் வகை சேரும்போதும், வாடிக்கையாளர் கூட்டம் ஏறும்போதும் மறுபடி நாலு வாரம் வாராவாரம் அளந்து, சுத்தம் செய்யும் இடைவெளியைப் புதிதாகக் கணக்கிட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.